அரைக் கிணறு தாண்டிய பூச்சி மருந்து

1992ஆம் ஆண்டு இலங்கையின் தோட்டப்புறம் (பெருந்தோட்டத் தொழிலாளர் வாழும் பகுதி) முழுக்க ஒரு மலப் பரிசோதனை நடந்தது. 3 வயது முதல் 12 வயது வரையான பிள்ளைகளையும், பிள்ளை பெறும் வயதிலிருந்த பெண்களையும் பார்த்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் வயிற்றில் ஏதோ ஒரு புழு இருந்தது. வட்டப்புழு, சாட்டைப்புழு, கொழுக்கிப் புழு என்ற மூன்றில் ஒன்று, அல்லது இரண்டு, சிலருக்கு மூன்றுமே.

இந்த எண்ணைக் கேட்டு வாயைப் பிளப்பதற்கு முன்னால் இன்னொரு வருடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1916இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளை இதே மலையகத்தில், மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில், கொழுக்கிப் புழுவுக்கு எதிராக வேலையைத் தொடங்கியது. அப்போதும் பரிசோதித்த தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புழு இருந்தது. நடுவில் 76 வருடம். சுதந்திரம் வந்தது, தோட்டத் தமிழரின் பிரஜாவுரிமை போனது, தோட்டங்கள் அரசுடைமை ஆயின, மறுபடி கம்பெனிகளின் கைக்குப் போயின. லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு) பிள்ளையின் வயிற்றில் மட்டும் பெரிய மாற்றம் இல்லை.

1916இல் தொடங்கிய முயற்சி ஒன்று, 1994இல் தொடங்கியது இன்னொன்று. இந்த ஆய்வு அந்த இரண்டையும் பற்றியது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு தடவையும் மருந்து தன் வேலையைச் செய்தது. விழுங்க வேண்டியவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டாவது விழுங்கினார்கள். கக்கூஸ் கட்ட வேண்டியவர்கள்தான் கட்டவில்லை, அல்லது கட்டி முடிக்கவில்லை.

புழு வரும் வழி

கொழுக்கிப் புழுவின் முட்டை மலத்தோடு மண்ணில் விழுகிறது. ஈரமும் நிழலும் கொஞ்சம் வெதுவெதுப்பும் இருந்தால் ஓரிரு நாளில் பொரித்துவிடும். ஒரு வாரம், பத்து நாளில் அந்த இளம்புழு, அதாவது குடம்பி, தோலைத் துளைக்கிற பக்குவத்துக்கு வந்து, மண்ணின் மேல்பரப்பிலேயே காத்துக் கிடக்கும். வெறுங்காலோடு யாராவது மிதித்தால் விரலிடுக்கு வழியாக உள்ளே நுழையும். அந்த இடம் அரிக்கும், தடிக்கும். அதைச் சேற்றுப்புண் என்று நினைத்து மஞ்சளைப் பூசிவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். உள்ளே போனது இரத்தத்தில் ஏறி நுரையீரலுக்குப் போகும், அங்கிருந்து தொண்டைக்கு ஏறும், எச்சிலோடு விழுங்கப்பட்டுச் சிறுகுடலில் போய்க் கடித்துக்கொள்ளும். இப்படித் தோல் வழியாக வருகிறது என்பதை 1898இல் கெய்ரோவில் இருந்த ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மன் ஆராய்ச்சியாளர் சொன்னார். குடம்பி கலந்த நீர் தன் கையில் தற்செயலாகச் சிந்தியதைக் கவனித்துக் கண்டுபிடித்தது அது.

இப்போது ஒரு தேயிலை மலையை நினைத்துப் பாருங்கள். இடுப்பளவு செடி தரையை மூடி நிழல் தருகிறது. வருடத்தில் பாதிக்கு மேல் மழை. விடிகாலையில் பெரட்டு (வேலைக்கு ஆள் பிரிக்கும் கூட்டம்) முடிந்து மலையேறிய ஆட்களுக்கு நாள் முழுக்க ஒதுங்க ஒரு மறைவிடம் கிடையாது, செடிகளுக்கு நடுவிலேதான். அதே நிரையில் மறுவாரம் வெறுங்காலோடு கொழுந்து எடுக்க இன்னொருவர் வருவார். புழுவுக்கென்று பார்த்துப் பார்த்துப் போட்ட நாற்றுத் தவறணை மாதிரி இருக்கிறது இந்த ஏற்பாடு.

நெகேட்டர் என்ற வகைக் கொழுக்கிப் புழு ஒன்று நாளொன்றுக்குக் குடிப்பது 0.03 மில்லிலீட்டர் இரத்தம் என்பது பொதுவான மதிப்பீடு. கேட்டால் ஒன்றுமில்லை போலத் தெரியும். 200 புழு இருக்கிற ஒரு பெண்ணுக்கு அது நாளுக்கு 6 மில்லிலீட்டர், மாதத்துக்கு 180. மாதவிலக்கில் சராசரியாகப் போவது 30 முதல் 40 மில்லிலீட்டர்தான். அதற்கு மேல் இதுவும் போனால், சோறும் சம்பலும் ரொட்டியும் தின்கிற உடம்பு இரும்புச்சத்துக்கு எங்கே போகும்? வெளுத்த முகம், ஏற்றத்தில் மூச்சு வாங்குவது, கர்ப்ப காலத்தில் மண்ணையும் சாம்பலையும் தின்னத் தோன்றுவது, நிறை குறைந்த பிள்ளை பிறப்பது எல்லாம் இரத்தச் சோகையின் பிள்ளைகள். பழைய தோட்டத் துரைமார் இதைச் சோம்பேறித்தனம் என்று எழுதி வைத்தார்கள்.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் வாதமெல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது. இந்தப் புழு குடலுக்குள் பெருகாது. அது போடும் முட்டை வெளியே போய் மண்ணில்தான் பொரிக்க வேண்டும். ஒருவர் வயிற்றில் 200 புழு இருந்தால், 200 குடம்பி தனித்தனியாக மண்ணிலிருந்து ஏறியிருக்கிறது என்று பொருள். நெகேட்டர் புழுவின் ஆயுள் சில வருடங்கள். ஆகவே பத்து வருடமாகத் தோட்டத்தில் இருக்கிற ஆளின் வயிற்றுப் புழு, அந்தத் தோட்டத்து மண்ணில் பொரித்ததுதான்.

1916: முதல் முயற்சி

ராக்பெல்லர் ஆட்கள் இலங்கைக்கு வரும்போது கையில் ஓர் அனுபவம் இருந்தது. 1909 முதல் 1914 வரை அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இதே புழுவை எதிர்த்து வேலை செய்திருந்தார்கள். அங்கே மூன்று படி வைத்திருந்தார்கள்: எவ்வளவு இருக்கிறது என்று பார், இருப்பவருக்கு மருந்து கொடு, மறுபடி வராமல் கக்கூஸ் கட்ட வை. அதே பாடத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோக ஒரு சர்வதேசச் சுகாதாரப் பிரிவை ஏற்படுத்தினார்கள். கீழை நாடுகளுக்குப் பொறுப்பாக இருந்தவர் விக்டர் ஹைசர்.

இலங்கைத் தோட்டங்களைத் தேர்ந்தெடுத்தது ஏன் என்று புரிந்துகொள்வது சிரமமில்லை. ஒரே இடத்தில் கூட்டமாக இருக்கும் மக்கள், பெயர்ப்பட்டியல் எழுதி வைத்திருக்கும் கணக்கப்பிள்ளை, கூப்பிட்டால் வரிசையில் நிறுத்தக் கங்காணி. மருந்து கொடுத்துக் கணக்கெழுத இதைவிட வசதியான இடம் உலகத்தில் எங்கே கிடைக்கும்?

மருந்தோ லேசான மருந்தில்லை. தைமோல், அப்புறம் கீனோபோடியம் எண்ணெய். முதல் நாள் இரவு அரை வயிறு, பேதிக்கு உப்பு. மறுநாள் காலை வெறும் வயிற்றில் எண்ணெய், மணிக்கணக்கு வைத்து மறுபடி எண்ணெய், கடைசியில் திரும்பவும் பேதி. தலை சுற்றும், காது இரையும். அளவு தப்பினால் உயிருக்கே ஆபத்து. அன்றைய நாளும் மறுநாளில் பாதியும் வேலைக்கு உதவாது. பேர் (ஒரு நாள் வேலைக் கணக்கு) போடுகிறவனுக்கும் பேர் எடுக்கிறவனுக்கும் அது பிடிக்கிற விஷயமா? துரைமார் முணுமுணுத்ததில் ஆச்சரியமில்லை. ஆனாலும் மருந்தைப் பொறுத்தவரை அவர்கள் ஒத்துவந்தார்கள். புழு நீங்கிய ஆள் கூடுதலாக வேலை செய்வான் என்ற கணக்கு அவர்களுக்குப் புரிகிற கணக்கு.

சிக்கல் மூன்றாவது படியில் வந்தது. நூற்றுக்கணக்கான லயக் காம்பராக்களுக்குக் குழி வெட்டி, கூரை போட்டு, சுத்தமாக வைக்க ஆள் வைத்து, தண்ணீருக்கு வழி செய்வது செலவு. அந்தச் செலவு ஒவ்வொரு வருடமும் தொடரும். லண்டனில் இருக்கும் கம்பெனிக்குக் கணக்கு அனுப்புகிற துரை அதைத் தள்ளிப்போட்டார். கட்டிய இடங்களிலும் எத்தனை பேருக்கு ஒன்று என்ற கேள்வி இருந்தது. மருந்து கொடுத்த தோட்டங்களிலேயே மறுபடி புழு ஏறியது. ராக்பெல்லர் பிரிவு எவ்வளவு வற்புறுத்தியும் தோட்டக்காரர்களை நகர்த்த முடியவில்லை.

இதற்கு நடுவில் இன்னொரு வாதமும் ஓடியது: "இது இந்தியாவிலிருந்து கூலிகள் கொண்டுவருகிற நோய்." மண்டபம் முகாமில், கப்பலேறுவதற்கு முன்பே, திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் வந்தவர்களைத் தடுத்துவைத்துக் குளிப்பாட்டி, அம்மை குத்தி, புழு மருந்தும் கொடுத்தார்கள். சரி, வந்தவர்களில் பலர் வயிற்றில் புழுவோடு வந்திருப்பார்கள். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் மேலே சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து வந்த புழு சில வருடத்தில் செத்துப்போகும். அதற்குப் பிறகு இருப்பது தோட்டத்துப் புழு. மண்டபத்தில் எத்தனை போத்தல் எண்ணெய் ஊற்றினாலும் மாத்தளை மண் சுத்தமாகாது. தொழிலாளியின் வயிற்றைக் குற்றவாளியாக்கினால் தோட்டத்தின் தரை தப்பித்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

1920களில் ராக்பெல்லர் பிரிவு இந்தப் படையெடுப்பு முறையையே கைவிட்டது. ஒரு நோயைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போவதற்குப் பதிலாக, ஒரு பகுதியில் வாழும் எல்லாருக்கும் நிரந்தரமாக ஒரு சுகாதார அணியை வைப்பது என்று முடிவு செய்தார்கள். டபிள்யூ. பி. ஜேகொக்ஸ் என்பவர் இதை முன்னின்று நடத்தினார். 1926 ஜூலையில் களுத்துறையில் முதல் சுகாதார அலகு திறந்தது. ஒரு வைத்திய அதிகாரி, சுகாதாரப் பரிசோதகர்கள், தாதிகள், மருத்துவிச்சிகள். இன்று நாடு முழுக்க இருக்கும் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளுக்கு அதுதான் மூலம். பிற்காலத்தில் இலங்கை உலகத்திடம் பாராட்டு வாங்கிய தாய்–சேய் சுகாதாரம் எல்லாம் அந்த மரத்தில் காய்த்ததுதான்.

கிராமத்துக்கு அது வந்தது. தோட்டத்துக்கு வரவில்லை. தோட்டத்தின் சுகாதாரம் 1912ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி தோட்ட முதலாளியின் பொறுப்பு. அதனால் புழுவுக்காக வந்த திட்டத்திலிருந்து பிறந்த நல்ல விஷயம், புழு அதிகமாக இருந்த ஜனங்களைத் தவிர்த்துவிட்டு மற்றவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. இந்த வரலாற்றில் என்னை மிகவும் உறுத்துவது இதுதான்.

நடுவில் ஓடிய வருடங்கள்

1948இல் பிரஜாவுரிமை போனது. அதோடு வாக்கும் போனது. வாக்கில்லாத லயத்துக்குக் கக்கூஸ் கட்டித் தருகிறேன் என்று மேடையில் பேச எந்த அரசியல்வாதிக்கும் அவசியம் இருக்கவில்லை. இவர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்புவதென்ற சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964இல் வந்த பிறகு, அடுத்த கப்பலில் யார் போவார் என்ற பயத்தில் குடும்பங்கள் இருந்தன. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமை ஆனதும் சுகாதாரத்தில் கொஞ்சம் அசைவு தெரிந்தது. மருத்துவிச்சிகள் வந்தார்கள், பிள்ளைக் காம்பராக்கள் (தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விடும் இடங்கள்) திருந்தின. 1992இல் நிர்வாகம் மறுபடி பிராந்தியக் கம்பெனிகளிடம் போனது. அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில்தான் அந்தத் தொண்ணூறு.

1994 முதல் 2005 வரை

இந்த முறை மருந்து மாறியிருந்தது. மெபெண்டசோல் ஒரு சாதாரண குளிசை. பட்டினி வேண்டாம், பேதி வேண்டாம், வேலை கெடாது, விலையும் மலிவு. 1994இல் தொடங்கி, 3 வயது முதல் 18 வயது வரையான தோட்டப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கொடுத்தார்கள். மலத்தைப் பார்த்து, இருப்பவருக்கு மட்டும் கொடுப்பது என்ற பேச்சே இல்லை. தொண்ணூறு பேருக்கு இருக்கிற இடத்தில் மீதிப் பத்துப் பேரைத் தேடுவதற்கு ஆகும் செலவு குளிசைச் செலவைவிட அதிகம்.

இந்தத் திட்டத்தின் பலம் அது தோட்டத்துக்குள்ளேயே இருந்த ஆட்களைப் பயன்படுத்தியது. பிள்ளைக் காம்பராவில் பிள்ளை பார்க்கும் பெண்ணுக்கு எந்தப் பிள்ளை எந்த லயம், யார் காய்ச்சலில் கிடக்கிறது, யார் வீட்டில் பாட்டி மருந்து வேண்டாம் என்பாள் என்பது அத்துப்படி. டிஸ்பென்சரிக்காரரும் மருத்துவிச்சியும் வாத்தியாரும் சேர்ந்தால் மிச்சம் யாரும் இல்லை. வெளியூரிலிருந்து ஜீப்பில் வருகிற குழுவுக்கு இந்த அறிவு ஒரு நாளும் வராது. வாயால் வட்டப்புழு வந்த பிள்ளையைப் பார்த்து ஊரே மிரண்டுபோன காலம் அது. குளிசை கொடுத்த மறுநாள் புழு கீழே விழுவதைக் கண்ணால் பார்த்த தாய்மார் அடுத்த தடவை தாங்களே கேட்டு வாங்கினார்கள். பிரசாரத்தை அந்தப் புழுவே செய்துவிட்டது எனலாம்.

கர்ப்பிணிப் பெண்களுக்குத் தனியாக ஒரு வழி இருந்தது. கர்ப்பத்தின் நான்கு முதல் ஆறு வரையான மாதங்களில் இரும்புச்சத்துக் குளிசையோடு மெபெண்டசோலும் கொடுப்பது. தோட்டப்புறக் கர்ப்பிணிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 1994இல் வெளிவந்தது. இரும்புச்சத்து மட்டும் கொடுத்தவர்களைவிடப் புழு மருந்தும் சேர்த்து வாங்கியவர்களின் இரத்தம் நன்றாகத் தேறியிருந்தது. கர்ப்பத்தில் இந்த மருந்து குழந்தைக்கு ஆகாதோ என்ற பயம் உலகம் முழுக்க இருந்தது. அதைத் தீர்க்க உதவியதும் இலங்கையிலிருந்து வந்த வேலைதான்: நிலந்தி டி சில்வா முதலானவர்கள் ஏழாயிரம் பிரசவங்கள் அளவில் பார்த்து 1999இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். மருந்து எடுத்தவர்களிடம் இறந்து பிறந்ததும், பிறந்த சில நாளில் இறந்ததும் சேர்த்து நூற்றுக்கு 1.9, எடுக்காதவர்களிடம் 3.3. பிறவிக் குறைபாட்டில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. ஆரம்ப மூன்று மாதத்தில் மட்டும் தவிர்க்கச் சொன்னார்கள்.

2005இல் பிள்ளைகளுக்கான மொத்தக் குளிசைத் திட்டம் நின்றது.

2009: நான்கு வருடம் கழித்துப் பார்த்தபோது

ஐந்து மாவட்டங்களில் 114 பள்ளிக்கூடங்கள், ஒவ்வொன்றிலும் சுமார் 20 பிள்ளைகள். கடைசியில் 1,890 பிள்ளைகளின் மாதிரி கிடைத்தது. நூற்றுக்கு 29 பேருக்குப் புழு. மிதமானதோ கடுமையானதோ ஆன தொற்று 11.6 பேருக்கு. ஐந்தில் நான்கு மாவட்டங்களில் இருபது வீதத்தைத் தாண்டியிருந்தது. வட்டப்புழுதான் அதிகம். கொழுக்கிப் புழு இரண்டு மாவட்டங்களில் அகப்படவே இல்லை.

இதை எப்படி வாசிப்பது? ஆய்வாளர்கள் சொன்னது: ஆரம்பத்தில் பரவல் வேகம் கடுமையாக இருந்த இடத்தில், மற்ற ஏற்பாடுகள் இல்லாமல் பத்து வருடம் மருந்து மட்டும் கொடுத்து நிறுத்தினால் நோய் மீண்டும் எகிறும். சரியான முடிவுதான். நான் இன்னொரு பக்கத்தையும் பார்க்கிறேன். மருந்து நின்று நான்கு வருடம் ஆன பிறகும் தொண்ணூறு இருபத்தொன்பதாக நிற்கிறது. முழுத் தோல்வியென்றால் அது மறுபடி தொண்ணூறுக்குப் போயிருக்கும். குளிசை அவகாசம் வாங்கிக் கொடுத்தது. அந்தப் பத்து வருடத்தில் எந்தத் தோட்டம் எத்தனை கக்கூஸ் கட்டியது என்பதுதான் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

ஆய்வில் வந்த காரணங்களைப் பாருங்கள். வீட்டில் கக்கூஸ் வசதி மோசமாக இருந்தால் வட்டப்புழுவும் கொழுக்கிப் புழுவும் கூடுதல். எதிர்பார்த்ததுதான். தாயின் படிப்பு குறைவாக இருந்தால் மூன்று புழுவுமே கூடுதல். இது கொஞ்சம் யோசிக்க வைக்கிறது. 2009இல் பள்ளிக்கூடம் போன பிள்ளையின் தாய் பெரும்பாலும் 1970களில், 80களின் தொடக்கத்தில் பிறந்தவள். தோட்டப் பள்ளிக்கூடங்கள் தோட்ட நிர்வாகத்தின் பிடியிலிருந்து அரசின் கைக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. பலருக்கு ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்து கூடை தோளுக்கு ஏறியது. அன்றைய வகுப்பறையின் கடன் இன்னொரு தலைமுறையின் வயிற்றில் வட்டியோடு வசூலாகிறது. தாய்க்கு அறிவுரை சொல்லித் திருத்துவது என்று இதை எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்புதல் இல்லை. பீலியில் தண்ணீர் வராத நாளில் எத்தனை படித்தவளும் கை கழுவ முடியாது.

மூன்றாவது காரணம் உயரம். தாழ்ந்த தோட்டங்களில் புழு கூடுதல். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அங்கே குளிரில் குடம்பி வளர்வது மந்தம். கீழே இறங்க இறங்க மண் சூடாகிறது. மருந்து, கக்கூஸ் எல்லாவற்றையும் எங்கே முதலில் செய்ய வேண்டும் என்று மலையே சொல்லித் தருகிறது.

மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒற்றை வேளை மெபெண்டசோல் வட்டப்புழுவை நன்றாக அடிக்கும். கொழுக்கிப் புழுவிடம் அவ்வளவு எடுபடாது, அல்பெண்டசோல் என்ற இன்னொரு புழு மருந்து அதற்கு மேல். சாட்டைப்புழுவுக்கு இரண்டுமே அரைகுறைதான். அப்படியிருந்தும் 2009இல் வட்டப்புழு மேலே, கொழுக்கிப் புழு கீழே. காரணம், வட்டப்புழு ஒன்று நாளுக்கு இரண்டு இலட்சம் முட்டை வரை போடும், அந்த முட்டை மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும், வாய் வழியாக உள்ளே போகும். குளிசை நின்றதும் காத்துக் கிடந்த முட்டைகள் வேலையைத் தொடங்கிவிடும். கொழுக்கிப் புழுவின் குடம்பிக்கு அந்த ஆயுள் கிடையாது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் காலில் இப்போது செருப்பும் சப்பாத்தும் வந்துவிட்டன. இந்த வித்தியாசத்தில் குளிசையைவிடச் செருப்புக்குத்தான் பங்கு அதிகமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அதே நாடு, வேறு நோய்

இலங்கையால் முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. மலேரியாவைப் பாருங்கள். 1934–35இல் மழை பொய்த்து ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்கி, கேகாலை, குருநாகல், கண்டியின் தாழ்வான பகுதிகள் என்று அடிவாரம் முழுக்கக் கொள்ளைபோல் பரவி சுமார் 80,000 உயிர்களைக் கொண்டுபோன நோய் அது. டீடீடீ என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்து 1963இல் நாடு முழுக்க 17 நோயாளிகள் என்ற நிலைக்குக் கொண்டுவந்தார்கள். முடிந்தது என்று தளர்ந்தார்கள். 1969இல் ஐந்து இலட்சத்துக்கு மேல். சூடு பட்ட பிறகு பாடம் படித்தார்கள்: எண்ணிக்கை குறையக் குறையக் கண்காணிப்பை இறுக்கினார்கள். 2012 அக்டோபருக்குப் பிறகு மூன்று வருடத்துக்கு மேல் உள்ளூரில் தொற்றிய மலேரியா இல்லை. 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. அதற்குப் பிறகும் வெளிநாட்டிலிருந்து காய்ச்சலோடு வருகிறவரைத் தேடிப்போய்ப் பார்க்கிற வேலை நிற்கவில்லை.

1963இல் மலேரியாவில் செய்த தவறையே 2005இல் புழுவில் செய்தோம். ஆனால் விளைவு ஒன்றாக இருக்கவில்லை. மலேரியா ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கொன்றது, அதனால் நாடே திரும்பிப் பார்த்தது. புழு யாரையும் ஒரே நாளில் கொல்வதில்லை. கொழுந்துக் கூடையைச் சுமப்பவளை மெல்ல மெல்ல வெளுக்க வைக்கிறது. அது தலைப்புச் செய்தியாகாது.

புழுவையே ஒழித்த நாடும் இருக்கிறது. தென்கொரியாவில் 1960களில் இதற்கென்று ஒரு சங்கமும் சட்டமும் கொண்டுவந்து, பள்ளிப் பிள்ளைகளின் மலத்தை வருடத்துக்கு இரண்டு தடவை பரிசோதித்து மருந்து கொடுத்தார்கள். 1971இல் மக்களில் நூற்றுக்கு 84 பேரிடம் புழு முட்டை இருந்தது, 1997இல் 2.4. கூடவே வயலுக்கு மனித மலத்தை எருவாகப் போடும் வழக்கம் போனது, வீட்டுக்கு வீடு கக்கூஸ் வந்தது. மருந்தும் மண்ணும் ஒரே நேரத்தில் மாறின.

கட்ட வேண்டியது யார்?

மலையகத்தில் இந்தக் கேள்விக்கு யாரிடமும் நேரான பதில் வாங்க முடியாது. காணி அரசுடையது, குத்தகை கம்பெனியுடையது, லயத்தில் இருப்பவருக்குப் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவின் சுவர்கூடச் சொந்தமில்லை. சொந்தமில்லாத இடத்தில் யார் தன் காசைப் போட்டுக் குழி வெட்டுவார்? சரி, பிரதேச சபை செய்யட்டும் என்றால், 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு குறுக்கே நின்றது. தோட்டத்துக்குள் சபையின் பணத்தைச் செலவழிக்க முடியாது. பக்கத்துக் கிராமத்துக்கு வடிகாலும் தண்ணீர்க் குழாயும் போட்ட அதே சபை, தோட்ட எல்லையில் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பியது. இந்தப் பிரிவைத் திருத்தியது 2018இல். தோட்ட மக்களும் அந்தச் சபைக்கு வாக்குப் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

சமூகப் பங்களிப்பு என்று திட்ட அறிக்கைகளில் எழுதுகிறோம். கிராமத்தில் அது நடக்கும். காணி அவர்களுடையது, சபை அவர்களுடையது. தோட்டத்தில் மக்களிடம் கேட்கப்படும் பங்களிப்பு வாயைத் திறந்து குளிசையை விழுங்குவதோடு முடிந்துவிடுகிறது. அதை அவர்கள் ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். இந்திய உதவியில் 7 பேர்ச்சஸ் காணியோடு தனி வீடு கிடைத்த குடும்பங்களைப் போய்ப் பாருங்கள். கக்கூஸுக்குக் கதவும் பூட்டும் இருக்கும், வாளியில் தண்ணீர் இருக்கும். யாரும் வந்து வகுப்பு எடுத்ததால் வந்த மாற்றமில்லை அது. பத்துக் குடும்பத்துக்கு ஒன்று என்று கட்டிப்போட்ட வரிசைக் கக்கூஸில், அடைத்துக்கொண்டால் யார் திறப்பது என்று லயம் முழுக்கச் சண்டைதான். இரவில் பெண்கள் அங்கே போகவும் மாட்டார்கள்.

இப்போது எங்கே நிற்கிறோம்

2017இல் நாடு தழுவிய இன்னொரு பள்ளிக்கூட ஆய்வு நடந்தது. தேசிய அளவில் பிள்ளைகளிடம் புழுத் தொற்று நூற்றுக்கு 0.97. நகரச் சேரிப் பகுதிகளில் 2.73. தோட்டப்புறத்தில் 9.02. தொண்ணூறிலிருந்து ஒன்பதுக்கு வந்தது பெரிய விஷயம், குறைத்துச் சொல்லக் கூடாது. அதே நேரம் நாட்டின் சராசரியைப்போல ஒன்பது மடங்குக்கு மேல். தேசியச் சராசரியைக் காட்டி "இனி எல்லாருக்கும் மருந்து தேவையில்லை" என்று எவராவது கோப்பில் எழுதினால், 2005 திரும்ப வரும். ஆபத்துள்ள இடத்துக்கு மட்டும் குறிவைத்துக் கொடுப்போம் என்பது நல்ல யோசனைதான். அந்த இடங்களில் நிறுத்தாமல் கொடுக்க வேண்டும். மிதமான, கடுமையான தொற்று நூற்றுக்கு 2க்குக் கீழே வந்தால்தான் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலை நீங்கியதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கில் எடுக்கும். 2009இல் அது 11.6 என்பதை மறக்க வேண்டாம்.

எனக்கு இருக்கும் பெரிய குறை வேறு. இந்த இரண்டு ஆய்வுகளும் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்தவை. வட்டப்புழுவுக்கும் சாட்டைப்புழுவுக்கும் அது பொருந்தும். அவை பிள்ளைகளிடம்தான் அதிகம். கொழுக்கிப் புழு அப்படியில்லை. வயது ஏற ஏற அதன் பாரம் கூடும், வளர்ந்தவர்களிடம்தான் உச்சத்துக்குப் போகும். அதாவது முதன்முதலில் 1916இல் எந்த ஆட்களுக்காக இந்த வேலை தொடங்கியதோ, அந்தக் கொழுந்து எடுக்கிற பெண்களும் கவ்வாத்து வெட்டுகிற ஆண்களும் நம் கணக்கில் இல்லை. பிள்ளையிடம் காணவில்லை என்பதை வைத்து மலையில் இல்லை என்று சொல்ல முடியாது.

ஆகவே அடுத்த கணக்கெடுப்பைத் தாழ்ந்த தோட்டங்களில், பெரட்டுக் களத்தில் தொடங்க வேண்டும். நாற்பது, ஐம்பது வயதுப் பெண்களிடம் மாதிரி எடுத்து, அதே தாளில் இரத்தத்தின் அளவையும், வீட்டுக்குக் கக்கூஸ் இருக்கிறதா, அதற்குத் தண்ணீர் வருகிறதா, மலையில் வேலை நேரத்தில் எங்கே ஒதுங்குகிறார்கள் என்பதையும் எழுத வேண்டும். அவர்களுக்குக் கொடுப்பது அல்பெண்டசோலாக இருக்கட்டும். அன்றைக்கு முழுப் பேர் போடச் சொல்லி நிர்வாகத்திடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. அரை நாள் போகும் என்றால் யாரும் வர மாட்டார்கள்.